அம்பாசிடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன், அப்புறம் இஞ்சக்‌ஷன்: ஒன்றரை வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். சிபி பாயின்டை, அதாவது பிளக்கில் பொறி வர காயிலின் மின்சாரத்தை வெட்டிவிடும் பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதே வேலையை உரசாமல் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டேன். காயில், பிளக், வயர் எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆனது. இந்த வண்டிக்கு இதுவரை செய்த செலவிலேயே உருப்படியான செலவு அதுதான். எட்டு மாதம் கழித்து கார்புரேட்டரையும் எடுத்துவிட்டு, பெட்ரோலை அளந்து தெளிக்கும் இஞ்சக்‌ஷன் போட்டேன். 70,000 என்று பேசியது 1,12,000-ல் முடிந்தது, பத்து நாள் என்று சொன்னது ஏழு வாரம் ஆனது. இஞ்சக்‌ஷனைத் திரும்பக் கழற்றுவேனா என்றால் மாட்டேன். அந்தப் பட்டறைக்குத் திரும்பப் போவேனா என்றால் அதுவும் மாட்டேன். பட்டறை பெயரைக் கேட்காதீர்கள், எழுதப் போவதில்லை.

வண்டி 1984 மாடல் மார்க் 4 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கோயம்புத்தூரில் அப்போது அம்பாசிடர் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் கேஸ் கிட் போட்டார்கள். அப்பா மட்டும் பிடிவாதமாக பெட்ரோலிலேயே ஓட்டினார், அதனால்தான் இன்றைக்கும் உள்ளே இருப்பது பழைய இங்கிலீஷ் கம்பெனி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) காலத்து பி சீரிஸ் இன்ஜின். நாற்பது வருஷத்தில் இரண்டு முறை தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் செய்தாகிவிட்டது, கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஜின் தேய்ந்து புகை கக்கிக்கொண்டிருக்கும்போது இக்னிஷனிலும் இஞ்சக்‌ஷனிலும் பணம் போடுவது வீண். முதலில் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள். அப்புறம் மேலே படியுங்கள்.

எனக்கு இரண்டு தொல்லை இருந்தது. ஒன்று, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பாயின்ட் செட் செய்ய வேண்டியிருந்தது. இன்னொன்று பெட்ரோல். 2023-ல் ஆரம்பித்து படிப்படியாக பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது இல்லையா, அதற்கப்புறம் காலையில் சோக் இழுத்தாலும் வண்டி நாலு தடவை இருமிவிட்டுத்தான் பிடித்தது, மிதித்தால் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் பிக்கப் வந்தது. காரணம் சாதாரணக் கணக்குதான். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், 20 சதவீத எத்தனால் கலந்ததற்கு சுமார் 13.5 கிலோவே போதும். கார்புரேட்டரில் ஜெட்டின் ஓட்டை அதே அளவு, அதே அளவுதான் பெட்ரோல் விடும், ஆனால் இந்தப் பெட்ரோலுக்கு அது பற்றாது. இன்ஜின் லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சி ஓடும், சூடாகும். கூடவே எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும், நின்ற வண்டியில் ஈரத்தையும் இழுக்கும்.

ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக மாற்றினாலே இதில் பாதி தீர்ந்துவிடும், அதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அதைச் சொல்லாமல் நேராக லட்ச ரூபாய்க்குப் போனால் அது விமர்சனம் இல்லை, விளம்பரம்.

சரி, முதலில் இக்னிஷன்.

எங்கள் வண்டியை இருபது வருஷமாகப் பார்ப்பவர் ஒரு பாய். அவரிடம் பாயின்டை மாற்றலாமா என்று கேட்டபோது, நாலு பிளக்குக்கும் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைக் கழற்றி, பழைய பாயின்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் சின்னக் குன்று மாதிரி உலோகம் ஏறியிருந்தது, எதிர்ப்பக்கம் அதே அளவுக்குப் பள்ளம். அதற்குள் இடைவெளி பார்க்கும் கேஜை விட்டால் பதினைந்து தௌ (ஒரு தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும், நிஜத்தில் குன்றின் உச்சிக்கும் பள்ளத்தின் அடிக்கும் நடுவில் இருப்பது வேறு அளவு. அவர் உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்து, மறுபடியும் வைத்து, "தம்பி, இது பல் விளக்குற மாதிரி. தினம் செய்யணும்னு சொன்னா நீங்க செய்ய மாட்டீங்க, அதனால மாத்திடுங்க" என்றார். தேய்வது முனை மட்டும் இல்லை. கேமில் உரசும் ஃபைபர் குதிகாலும் தேயும், தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்னால் போகும். இது ஒரே நாளில் நடக்காது என்பதால் நமக்கும் தெரியாது. வண்டிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

நான் வாங்கிய மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் வகை. கேமின் மேல் காந்தங்கள் பதித்த ஒரு பிளாஸ்டிக் வளையம் உட்காரும், பாயின்ட் இருந்த இடத்தில் ஒரு ஹால் சென்சார். காந்தம் கடக்கும்போது சென்சார் காயிலின் மின்சாரத்தை வெட்டும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. வெளியே இரண்டு வயர் மட்டும் வரும், ஒன்று காயில் பாசிட்டிவுக்கு, ஒன்று நெகட்டிவுக்கு. வாங்கும்போது உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் மாடலையும் எர்த் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்து வாங்குங்கள். மிகப் பழைய மோரிஸ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், மாற்றி மாட்டினால் மாட்யூல் அந்த நொடியே காலி.

மாட்ட நாற்பது நிமிடம் ஆனது. அதில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். வளையத்தை முழுசாக அழுத்தி இறக்காவிட்டால் ரோட்டர் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கும், கேப்பை மூடினால் உள்ளே உரசும். கையால் இன்ஜினைச் சுற்றிப் பார்த்தபோது கரகரவென்று கேட்டது, அதனால் தப்பித்தேன். இரண்டாவது, பேஸ் பிளேட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் நடுவில் ஒரு குட்டி எர்த் வயர் இருக்கும், நூல் மாதிரி இருக்கும், பெரும்பாலான பழைய வண்டிகளில் அது அறுந்தே போயிருக்கும். பாயின்ட் இருக்கும்போது எப்படியோ ஓடிவிடும், மாட்யூலுக்கு அது இல்லாவிட்டால் ஒரு நேரம் ஓடும் ஒரு நேரம் ஓடாது. புதுசாக ஒன்று சால்டர் செய்துவிட்டேன்.

இப்போது குறை. விற்ற கடைக்காரர் கூடவே ஒரு "ஸ்போர்ட்ஸ் காயில்" தள்ளிவிட்டார், பொறி கனமாக வரும் என்று. நானும் வாங்கிக்கொண்டேன். பதினோராவது நாள், சாயங்காலம் ஆறு மணி, அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ் சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, பொறி இல்லை. பின்னால் டவுன் பஸ், அவன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. ஓரமாகத் தள்ளிவிட்டு காயிலைத் தொட்டால் கை சுடுகிறது. வீட்டுக்கு வந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன், காயிலின் பிரைமரி 1.5 ஓம். அது பேலாஸ்ட் ரெசிஸ்டரோடு, அதாவது மின்சாரத்தை மட்டுப்படுத்தும் தனி ரெசிஸ்டரோடு போட வேண்டிய காயில். இந்த மாட்யூலுக்கு 3 ஓம் வேண்டும். சார்ஜ் ஆகும்போது 13.8 வோல்ட் என்று வையுங்கள், 3 ஓம் காயிலில் நாலரை ஆம்பியர் ஓடும், 1.5 ஓமில் ஒன்பது. மாட்யூல் வெந்து போனது. கடைக்காரர் எலக்ட்ரானிக் சாமானுக்கு கேரன்டி கிடையாது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அடுத்த மாட்யூலை வேறு கடையில் வாங்கினேன், சாதாரண 3 ஓம் காயிலோடு. மேலே சொன்ன 9,400-ல் அந்த வெந்துபோன மாட்யூலின் விலை சேரவில்லை. வயிற்றெரிச்சலுக்குத் தனிக் கணக்கு.

இந்த மாதிரி மாட்யூல்களில் இன்னொரு விஷயம்: இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் போட்டுவிட்டு பாட்டு கேட்காதீர்கள். பாதுகாப்பு இல்லாத மாடலாக இருந்தால் காயிலுக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டுமே சூடாகிக் கெடும்.

அதற்கப்புறம் எட்டு மாதம், சுமார் 6,000 கிலோமீட்டர், பானெட்டைத் திறந்தது ஆயில் பார்க்க மட்டும்தான். காலையில் ஒரே சுற்றில் பிடித்தது. ஐடிலில் அந்த "டுக்... டுக்டுக்" என்கிற மிஸ்ஸிங் போய்விட்டது. மூன்றாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதித்தால் திணறாமல் ஏறியது. ஊருக்குள் லிட்டருக்கு 9.5 கொடுத்தது 10.5 ஆனது, டேங்கை நிரப்பி நிரப்பிப் பார்த்த கணக்கு. நான் அத்தனை வருஷமாக கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்ததில் முக்கால்வாசி பாயின்டின் குற்றம். பாயிடம் இதைச் சொன்னபோது அவர், "கார்புரேட்டர் தொண்ணூறு சதவீதம் கரன்டுதான் தம்பி" என்று சிரித்தார்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டின் புஷ் தேய்ந்து ஆடினால் இந்த மாட்யூல் அதைச் சரி செய்யாது. வேகத்துக்குத் தகுந்த மாதிரி டைமிங்கை முன்னால் தள்ளும் அட்வான்ஸ் வெயிட்டின் ஸ்பிரிங் தொங்கிப் போயிருந்தாலும் அப்படித்தான். ரோட்டரைக் கழற்றிவிட்டு ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் முதலில் புஷ்.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் வருஷத்துக்கு மூன்று நாலு முறை ஊட்டிக்குப் போகிறோம், மனைவியின் ஊர் கோத்தகிரிப் பக்கம். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர், ஊட்டி 2,240. மேலே போகப் போகக் காற்று மெலியும், கார்புரேட்டர் அதைக் கண்டுகொள்ளாது, அதே பெட்ரோலை ஊற்றும். குன்னூர் தாண்டினால் கறுப்புப் புகை, பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. கல்லாறு ஏற்றத்தில் வெயில் நாளில் வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது. ஏசி பம்ப் (பழைய பெட்ரோல் பம்ப்தான், குளிர்சாதனம் இல்லை) மேல் ஈரத்துணி போட்டு அப்பா உட்கார்ந்திருந்த பாலம் எது என்று இன்றைக்கும் எனக்குக் காட்டத் தெரியும். சமவெளியில் சரியான ஜெட் மலையில் தப்பு, மலைக்குச் சரியானது சமவெளியில் தப்பு. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இஞ்சக்‌ஷன். மைலேஜுக்காகப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், போட்ட காசை மைலேஜில் எடுக்க இன்னொரு நாற்பது வருஷம் ஓட்ட வேண்டும்.

இங்கேதான் அம்பாசிடரின் ஒரு வம்பு இருக்கிறது. மாருதிக்கு எம்பிஎஃப்ஐ போடுகிற மாதிரி சிலிண்டருக்கு ஒரு இஞ்சக்டர் வைக்க இதில் இடமே இல்லை. இந்த ஹெட்டில் நாலு சிலிண்டருக்குக் காற்று உள்ளே போக இரண்டே இரண்டு வாசல்தான். 1-ம் 2-ம் ஒரு வாசல், 3-ம் 4-ம் ஒரு வாசல். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை 1-3-4-2. எழுதிப் பார்த்தால் தெரியும், ஒரு வாசலில் இரண்டு சிலிண்டரும் அடுத்தடுத்து இழுக்கும், 2 இழுத்ததும் உடனே 1, அப்புறம் நீண்ட ஓய்வு. அந்தப் பக்கம் 3 இழுத்ததும் 4. வாசலுக்கு ஒரு இஞ்சக்டர் வைத்து ஓய்வு நேரத்தில் பெட்ரோலைத் தெளித்துவிட்டால், முதலில் திறக்கும் 2-ம் 3-ம் அள்ளிக்கொள்ளும், பின்னால் வரும் 1-க்கும் 4-க்கும் மிச்சம் மீதிதான். பந்தியில் முதல் இலைக்கே பாயசம் தீர்ந்த கதை. இதே வம்சத்து ஏ சீரிஸ் இன்ஜின் மினியிலும் இதே வாசல்தான். அதற்கு ரோவர் கம்பெனி 1991-ல் முதலில் போட்டது த்ராட்டில் பாடியில் ஒரே இஞ்சக்டர், கார்புரேட்டர் மாதிரியே மேலிருந்து தெளிப்பது. 1996-ல்தான் நேரம் பார்த்துத் தெளிக்கும் இரண்டு இஞ்சக்டர் வந்தது. கம்பெனியே அத்தனை யோசித்திருக்கிறது, நாம் பட்டறையில் குறுக்கு வழி தேடக் கூடாது. உங்கள் பட்டறைக்காரரிடம் இந்த வாசல் விஷயத்தைக் கேளுங்கள். அவர் முழித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எங்கள் ஆளுக்கு இது தெரிந்திருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் ஒரு அலுமினியக் கட்டியை கணபதி ஏரியா லேத்தில் கடைந்து வைத்தார், அதற்கு மேல் சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் எடுத்த ஒரு மாருதி த்ராட்டில் பாடி, கட்டியிலேயே இரண்டு இஞ்சக்டர், இரண்டும் மேனிஃபோல்டுக்குள் பொதுவாகத் தெளிக்கும். பழைய மேனிஃபோல்டை அப்படியே விட்டார், அது எக்ஸாஸ்ட் மேல் உட்கார்ந்து சூடு வாங்குவதால் பெட்ரோல் சுவரில் ஒட்டாமல் ஆவியாகும். இஞ்சக்டர் சைஸுக்கு அவர் கணக்குப் போட்டுக் காட்டியதும் எனக்குப் பிடித்தது: இன்ஜின் சுமார் 50 குதிரை சக்தி, ஒரு குதிரைக்கு மணிக்கு அரை பவுண்ட் பெட்ரோல், ஆக 25 பவுண்ட், அதாவது 11.3 கிலோ, நிமிடத்துக்கு 250 சிசி பக்கம். நிமிடத்துக்கு 200 சிசி தெளிக்கும் இஞ்சக்டர் இரண்டு என்றால் 400, முழு மிதியிலும் அறுபத்தைந்து சதவீதத்துக்குள் வேலை முடியும். சரியான அளவு.

மூளைக்கு ஸ்பீடுயினோ. ஆர்டுயினோ மெகா போர்டின் மேல் ஓடும் திறந்த மூல இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இது. ஆஸ்திரேலியாவில் ஒருவர் ஆரம்பித்து உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து வளர்த்தது, புரோகிராம் இலவசம், போர்டு மட்டும் வாங்கினால் போதும். லேப்டாப்பில் ட்யூனர் ஸ்டுடியோ என்கிற புரோகிராம் போட்டு மேப்பை, அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்கிற அட்டவணையை மாற்றலாம். கிராங்க் புல்லியின் பின்னால் 36 பல்லில் ஒன்றை வெட்டிவிட்ட சக்கரம், பல்லை எண்ணி இன்ஜின் எங்கே நிற்கிறது என்று இசியுவுக்குச் சொல்ல ஒரு சென்சார். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பொறி கொடுக்கும் வேலையே இல்லாமல் நாலு முனை காயில் பேக். ஆமாம், ஆசை ஆசையாக எட்டு மாதம் முன்னால் போட்ட மாட்யூல் இப்போது அலமாரியில். அதனால் சொல்கிறேன், இஞ்சக்‌ஷன் போடுவது உறுதி என்றால் மாட்யூலில் காசு போடாமல் நேராக கிராங்க் சக்கரத்துக்குப் போங்கள். உறுதி இல்லை என்றால் மாட்யூல் போட்டு ஆறு மாதம் ஓட்டுங்கள், பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

போர்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பட்டறையின் வயரிங்கிலும் பெட்ரோல் லைனிலும்தான்.

வண்டியை எடுத்துவந்த அன்று ராத்திரி போர்டிகோவில் நிறுத்தி சாவியை ஆனில் விட்டபடி டார்ச் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் பின்னாலிருந்து "ஈஈஈ" என்று பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. இசியு செய்ய வேண்டியது, சாவி போட்டதும் இரண்டு நொடி பம்பை ஓட்டி பிரஷர் ஏற்றிவிட்டு நிறுத்துவது. இன்ஜின் சுற்றும் சிக்னல் வந்தால்தான் மறுபடி ஓட்டும். எங்காவது மோதி இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இவர்கள் ரிலேயை இசியுவுக்குக் கொடுக்காமல் நேராக சாவியில் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஃபியூஸும் இல்லை. பழைய பம்ப் தள்ளியது மூன்று நாலு பிஎஸ்ஐ, இது 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் ஒரு ஹோஸ் கழன்றால் எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் மழை பெய்யும். பானெட்டைத் திறந்து பார்த்தேன், இரண்டு இடத்தில் சாதாரண கார்புரேட்டர் ஹோஸ், பல் போட்ட கிளிப். மறுநாளே இஞ்சக்‌ஷனுக்கான ஹோஸும், வெட்டாத கிளிப்பும், ஃபியூஸும் நானே வாங்கிக்கொண்டு போய் நின்றேன். "எல்லாருக்கும் இப்படித்தாங்க போட்டுக் குடுக்கறோம், யாரும் இதுவரைக்கும் சொன்னதில்லைங்க" என்றார். அந்தப் பதில்தான் எனக்கு பயமாக இருந்தது.

கரன்ட் விஷயத்திலும் ஒன்று. அப்பா காலத்திலேயே டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்ததால் நான் தப்பித்தேன். இன்னும் டைனமோவில் ஓடுகிறவர்கள் முதலில் அதை மாற்றாமல் இந்தப் பக்கமே வராதீர்கள், ஐடிலில் டைனமோ ஒன்றும் தராது, பம்ப் மட்டுமே ஐந்தாறு ஆம்பியர் குடிக்கும்.

அப்புறம் ஒரு பேய். 2,800 ஆர்பிஎம் தொட்டால் வண்டி ஒரு வெட்டு வெட்டும், லேப்டாப்பில் சிங்க் போச்சு, அதாவது பல் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று வரும். பட்டறையில் சென்சாரை மாற்றினார்கள், சக்கரத்தை மாற்றினார்கள், கடைசியில் போர்டு மேல் பழி போட்டார்கள். பிளக் வயரைத்தான் யாரும் பார்க்கவில்லை. பழைய காப்பர் வயர் அப்படியே இருந்தது. ஒவ்வொரு பொறிக்கும் அது ரேடியோ நிலையம் மாதிரி இரைச்சலை வாரி இறைக்கும், பக்கத்திலேயே போகும் சென்சார் வயர் அதைப் பல் என்று எண்ணிவிடும். ரெசிஸ்டர் வயர், ரெசிஸ்டர் பிளக், சென்சாருக்கு ஷீல்டு வயர், எர்த் எல்லாம் ஒரே இடத்தில். 1,900 ரூபாயில் பேய் ஓடியது. மூன்று வாரம் போனது போனதுதான்.

மேப் போட்டதைப் பற்றித் தனியாக எழுதலாம். சுருக்கமாக, ஞாயிறு காலை ஐந்து மணிக்கு நீலாம்பூர் பைபாஸில் தம்பி ஓட்ட நான் பக்கத்தில் லேப்டாப்போடு. சைலன்சர் பைப்பில், காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்திருந்ததால் எந்த இடத்தில் லீன், எந்த இடத்தில் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்று கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நாலு ஞாயிறு ஆனது. எத்தனால் கலப்பு பங்குக்குப் பங்கு கொஞ்சம் மாறினாலும் சென்சாரைப் பார்த்து இசியு தானே சரி செய்துகொள்கிறது.

முதல் ஊட்டிப் பயணத்தில் மானம் போனது. டேங்கில் கால்வாசி இருந்தது. கல்லாறு தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவு, இடது பக்கம் ஒடித்துத் திரும்பும்போது பம்பின் சத்தம் மாறியது, தண்ணீர் தீர்ந்த மோட்டார் மாதிரி ஒரு காய்ந்த ஊளை, இன்ஜின் ஆஃப். பின்னால் பஸ். மனைவி திரும்பிப் பார்த்து, "இதுக்குத்தான் ஒரு லட்சமா?" அவ்வளவுதான் சொன்னாள். அம்பாசிடர் டேங்க் அகலமானது, தட்டையானது, உள்ளே தடுப்பு இல்லை. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றைக் குடிக்கும். கார்புரேட்டரில் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் இருப்பதால் அந்த இரண்டு நொடியைச் சமாளித்துவிடும், இஞ்சக்‌ஷனுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. ஒரு சின்ன சர்ஜ் டேங்க் வேண்டாமா என்று நான் முதலிலேயே கேட்டிருந்தேன், ரேஸ் வண்டிக்குத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து ஒன்றரை லிட்டர் டப்பா ஒன்று செய்து டிக்கியில் வைத்தோம். பழைய மாதிரி லோ பிரஷர் பம்ப் அதை நிரப்பும், ஹை பிரஷர் பம்ப் அதிலிருந்து எடுக்கும், ரிட்டர்னும் அதிலேயே விழும். அதன்பின் எந்த வளைவிலும் பிரச்சினை வரவில்லை.

இரண்டாவது பயணத்துக்கு லேப்டாப்பை எடுத்துப் போனேன். வீட்டு வாசலில் இன்ஜின் ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டால் காற்றழுத்தம் 96 கிலோபாஸ்கல் காட்டியது. ஊட்டி சேரிங் கிராஸ் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன், 77. ஐந்தில் ஒரு பங்கு காற்று இல்லை, இசியு அதற்குத் தகுந்த மாதிரி பெட்ரோலைக் குறைத்துவிட்டது. பிளக்கைக் கழற்றினேன், நல்ல காபி நிறம். அப்பா இருந்திருந்தால் அந்த பிளக்கை வீட்டுக்கு எடுத்து வந்திருப்பார். இறங்கும்போது இன்னொன்று கவனித்தேன், ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கியரில் இறங்கினால் இஞ்சக்டர் முழுசாக மூடிக்கொள்கிறது, பழைய மாதிரி பெட்ரோல் வாசம் காருக்குள் வருவதில்லை. புகைச் சான்றிதழ் எடுத்தபோது கார்பன் மோனாக்சைடு 0.7 சதவீதம். இந்த வயசு வண்டிக்கு 3 வரை அனுமதி, கார்புரேட்டர் காலத்தில் 2.6-ல் தப்பித்துக்கொண்டிருந்தோம். மைலேஜ் ஊருக்குள் 11.5, நெடுஞ்சாலையில் 14 பக்கம்.

சட்டம் பக்கம் கொஞ்சம் கவனமாக இருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. என் இன்ஜினும் நம்பரும் அதேதான், எரிபொருளும் அதேதான், ஆனாலும் இன்ஷூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் சொல்லிவைத்தேன். 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு கிடைக்கும், ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. என் வண்டிக்கு 2034-ல் ஐம்பது. அதனால் பட்டறையில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றேன்: ஹெட்டிலோ மேனிஃபோல்டிலோ ஒரு ஓட்டை கூடப் போடக் கூடாது, எல்லாம் திரும்பக் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழுவி, ஆயில் தடவி, பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன்.

தினம் வேலைக்கு ஓட்டுகிற, பக்கத்தில் லேப்டாப் தெரிந்த ஆள் இல்லாத அம்பாசிடர்காரருக்கு மாட்யூல் போதும், அதற்கு ஐந்துக்கு நாலரை மார்க் தருவேன். அரை மார்க் குறைத்தது நடுரோட்டில் வெயிலில் நிற்க நேரும் என்பதற்கு. பாயின்ட் கெட்டால் ரோட்டோரத்தில் பிளேடை வைத்துச் சுரண்டி வீடு வந்து சேரலாம், மாட்யூல் கெட்டால் மாட்யூல்தான். பழைய பாயின்ட், கண்டன்சர் இரண்டையும் டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்ட இருபது நிமிடம். மலைக்கு அடிக்கடி போகிறவர், கையில் மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் என்றால் இஞ்சக்‌ஷனுக்கு நான் நாலு தருவேன், நான் போன பட்டறைக்கு இரண்டு. லேத் வேலைக்கு ஒன்று, இஞ்சக்டர் கணக்குக்கு ஒன்று.

இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. டிசம்பர் காலையில் ஹெட்லைட் போட்டால் ஐடில் மேலும் கீழும் ஆடுகிறது, ஐடில் வால்வு மேப்பைத் தொட வேண்டும். வயரிங் படம் கேட்டு ஏழு மாதமாகிறது, அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்கிறார்கள். போன மாதம் இரண்டு நாள் லீவு போட்டு ஒவ்வொரு வயராகப் பிடித்துப் பார்த்து பையனின் கணக்கு நோட்டில் நானே வரைந்துவிட்டேன். பச்சை வயர் மூன்று இடத்தில் மூன்று வேலை செய்கிறது. அந்த நோட்டும் இப்போது பாயின்ட், கண்டன்சரோடு டேஷ்போர்டிலேயே இருக்கிறது.